சோலாரா, அணுமின்சாரமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரத்தைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறது. கேட்பவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு கருத்து இருக்கிறது, அதை மறைக்கவில்லை; 18, 20 ஆகிய பதில்களில் அது வெளிப்படையாகவே இருக்கும்.

1. ரெண்டும் எப்படி மின்சாரம் தருதுன்னு முதல்ல சுருக்கமா சொல்லுங்களேன்.

சோலார் பேனலில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. சிலிக்கான் தகட்டின் மேல் ஒளி பட்டதும் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. தகட்டின் மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் வெவ்வேறு தனிமங்களைத் துளியளவு கலந்திருப்பதால் அவை ஒரே திசையில் ஓடுகின்றன. அந்த ஓட்டம்தான் மின்சாரம். அது ஒரே திசையில் ஓடும் டிசி. இன்வெர்ட்டர் அதைத் திசை மாறி மாறி ஓடும் ஏசியாக மாற்றி, நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் மின்தொகுப்புக்கு (கிரிட்) அனுப்புகிறது.

அணு உலையில் யுரேனியம்-235 அணுவை ஒரு நியூட்ரான் தாக்கிப் பிளக்கிறது. வெப்பம் வெளிப்படுகிறது, கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்களும் வெளிவந்து அடுத்த அணுக்களைப் பிளக்கின்றன. அந்த வெப்பத்தில் தண்ணீர் நீராவியாகி டர்பைனைச் சுழற்றுகிறது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி இருக்கும் இடத்தில் யுரேனியம் இருப்பதாக நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தவை. 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சுமார் 6% திறனுள்ள சிலிக்கான் சோலார் செல்லை உலகுக்குக் காட்டியது. ஜூன் மாதம் சோவியத் ஒன்றியத்தின் ஓப்னின்ஸ்க் நிலையம் அணுமின்சாரத்தை முதன்முதலாக மின்தொகுப்பில் சேர்த்தது. எழுபது ஆண்டு கழித்து, 2024-இல், உலக மின்சாரத்தில் அணுவின் பங்கு சுமார் 9%, சோலாரின் பங்கு சுமார் 7%. அணுவின் பங்கு 1990-களில் 17%-ஐத் தொட்டுவிட்டு இறங்கி வந்தது. சோலார் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

2. 1000 மெகாவாட் சோலாரும் 1000 மெகாவாட் அணு உலையும் ஒண்ணுதானே?

இல்லை. செய்திகளில் அதிகம் குழப்புவது இதுதான். மெகாவாட் என்பது உச்சத்தில் எவ்வளவு தர முடியும் என்பதைச் சொல்கிறது. ஆண்டு முழுக்க எவ்வளவு தந்தது என்பது யூனிட் கணக்கில் வரும். நன்றாக ஓடும் 1000 மெகாவாட் உலை ஆண்டில் 90% நேரத்துக்கு முழுத் திறனில் ஓடியதற்குச் சமமாகத் தந்தால், சுமார் 788 கோடி யூனிட் கிடைக்கும். சோலாருக்கு இந்த விகிதம் இடத்தைப் பொறுத்து 10 முதல் 25% வரை. 20% என்று வைத்தால் சுமார் 175 கோடி யூனிட்.

ஆக, ஓர் உலைக்கு ஈடான யூனிட் வேண்டுமென்றால் நாலரை மடங்கு சோலார் நிறுவ வேண்டும். உலகின் சோலார் நிறுவுதிறன் 2024-இல் 2000 ஜிகாவாட்டைத் தாண்டியது; அணுவுக்கு 400 ஜிகாவாட்டுக்கும் குறைவு. அப்படியும் அந்த ஆண்டு அணுதான் அதிக யூனிட் தந்தது.

3. வெயில் கொளுத்தற இடத்துல சோலார் ரொம்ப நல்லா வேலை செய்யும், இல்லையா?

வெளிச்சம் அதிகமானால் மின்சாரம் அதிகமாகும். சூடு அதிகமானால் குறையும். பேனலின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4% உற்பத்தி இறங்கும். குளிர்ந்த, மேகமில்லாத, உயரமான இடங்கள்தான் பேனலுக்கு மிகவும் பிடித்தவை.

4. ராத்திரி சூரியன் இல்ல. அப்புறம் சோலாரை நம்பி எப்படி ஒரு நாடே இருக்கறது?

இது நியாயமான கேள்வி. ஆனால் இரவு என்பது இந்தச் சிக்கலின் எளிய பகுதி. இரவு தினமும் வரும், எப்போது வரும் என்பதும் தெரியும். மாலைதான் மின்தொகுப்பு இயக்குபவர்களைப் படுத்துகிறது. சூரியன் சரியும் அதே இரண்டு மூன்று மணி நேரத்தில் மக்கள் வீடு திரும்பி விளக்கு, ஏசி, அடுப்பு எல்லாவற்றையும் போடுகிறார்கள். சோலார் போக மீதியை மற்ற நிலையங்கள் தர வேண்டும். அந்த மீதியை வரைபடமாக வரைந்தால் மதியம் பள்ளமாகவும் மாலையில் செங்குத்து ஏற்றமாகவும் தெரியும். கலிஃபோர்னியாவின் மின்தொகுப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட அந்தப் படம் வாத்தின் உருவம் போல இருந்ததால் 'வாத்து வளைவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதைவிடக் கடினமானது பருவம். நிலநடுக்கோட்டுக்கு அருகே ஆண்டு முழுவதும் வெயில் ஓரளவு சீராக இருக்கும். மழைக்கால மேகம்தான் குறுக்கிடும். வடக்கே போகப் போக நிலைமை மாறுகிறது. ஜெர்மனியில் டிசம்பர் மாதச் சோலார் உற்பத்தி ஜூன் மாதத்தில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாத ஆண்டுகள் உண்டு. ஆனால் அங்கே மின்சாரம் அதிகம் தேவைப்படுவது குளிர்காலத்தில்தான். பகலில் சேமித்து இரவில் எடுக்கலாம். ஜூனில் சேமித்து டிசம்பரில் எடுப்பது வேறு கதை.

5. அதான் பேட்டரி வந்தாச்சே, பிரச்சினை தீர்ந்துடுச்சுதானே?

மாலைப் பிரச்சினை தீர்ந்துகொண்டு வருகிறது. லித்தியம் பேட்டரியின் விலை 2010-க்குப் பிறகு சுமார் 90% சரிந்தது. கலிஃபோர்னியாவின் பேட்டரித் திறன் 2024-இல் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. மதியம் மிஞ்சும் சோலாரை வாங்கி வைத்து மாலையில் கொடுக்கும் வேலையை அவை இப்போது தினமும் செய்கின்றன. இது நடக்காது என்று பத்து ஆண்டுக்கு முன் அடித்துச் சொன்னவர்கள் பலர்.

அந்தப் பேட்டரிகளில் பெரும்பாலானவை நான்கு மணி நேரத்துக்கானவை. 1000 மெகாவாட்டை 12 மணி நேரம் தொடர்ந்து தர 1.2 கோடி யூனிட் சேமிக்க வேண்டும், அதுவும் முடியும். ஆனால் ஒரு வாரம் மேகமூட்டம் என்றால் ஆண்டில் சில முறை மட்டுமே தேவைப்படும் பேட்டரிக்காக முழு விலை கொடுத்தாக வேண்டும். அந்த இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது. மேலும் கீழுமாக இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டித் தண்ணீரை ஏற்றி இறக்கும் நீரேற்று நிலையங்கள் நீண்ட நேரம் தாங்கும். அதற்கு ஏற்ற மலை வேண்டும். காற்றாலை, தொலைதூர மின்பாதை, நீர்மின்சாரம் எல்லாம் சேர்ந்தால் தேவைப்படும் சேமிப்பு வெகுவாகக் குறையும். சோலாரும் பேட்டரியும் மட்டுமே போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

6. அணு உலைன்னா 24 மணி நேரமும், 365 நாளும் ஓடும், சரிதானே?

ஏறத்தாழ. எரிபொருள் மாற்ற ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை சில வாரங்கள் நிறுத்துவார்கள். அது திட்டமிட்ட நிறுத்தம் என்பதால் தொல்லையில்லை.

திட்டமிடாத நிறுத்தமும் உண்டு. பிரான்ஸ் 2022-இல் அதை நன்றாக அனுபவித்தது. குழாய்களில் அரிப்பு விரிசல் தென்பட்டதால் பல உலைகளை ஒரே சமயத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டியதாயிற்று. அதே கோடையில் ஆறுகள் சூடேறியதால் வேறு சில உலைகளின் உற்பத்தியைக் குறைத்தார்கள். உலை உண்டாக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மீதி ஆற்றிலோ கடலிலோ காற்றிலோதான் போய்ச் சேர வேண்டும். வழக்கமாக மின்சாரத்தை ஏற்றுமதி செய்யும் நாடு அந்த ஆண்டு இறக்குமதி செய்தது. ஒரே வடிவமைப்பில் பல உலைகள் கட்டினால் செலவு குறையும். ஒரு குறை தெரிந்தால் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டி வரும்.

7. எது மலிவு? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொன்னால் தவறாகிவிடும். புதிதாகக் கட்டும் நிலையத்தின் யூனிட் விலையை மட்டும் பார்த்தால், வெயில் நன்றாக இருக்கும் இடங்களில் சோலார்தான் மலிவு, அதுவும் நல்ல இடைவெளியில். 2010 முதல் 2020 வரை பேனல் விலை சுமார் 90% குறைந்தது. எரிபொருள் செலவே இல்லை.

ஆனால் மதியம் 12 மணி யூனிட்டும் இரவு 8 மணி யூனிட்டும் ஒரே சரக்கு இல்லை. சோலார் பெருகப் பெருக மதிய மின்சாரத்தின் மதிப்பு விழுகிறது. ஜெர்மனி, ஸ்பெயின், கலிஃபோர்னியா சந்தைகளில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகும் மதியங்கள் உண்டு. சேமிப்பு, மின்பாதை, மாற்று ஏற்பாடு ஆகியவற்றின் செலவையும் சேர்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

அணுவில் நிலைமை தலைகீழ். எரிபொருள் செலவு மிகச் சிறிது. கட்டுமானமும் அதற்கு வாங்கிய கடனின் வட்டியும்தான் பெரும்பங்கு. அதனால் அதே உலை, குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தால் ஒரு விலைக்கும், அதிக வட்டிக்குக் கிடைத்தால் அதைவிட வெகு உயர்ந்த விலைக்கும் மின்சாரம் தரும். கடன் அடைந்துபோன பழைய உலையின் மின்சாரம் மிக மலிவு. 'அணு மலிவு' என்பவரும் 'அணு விலை அதிகம்' என்பவரும் பல சமயம் ஒருவர் பழைய உலையையும் மற்றவர் புது உலையையும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

8. சோலார் பூங்கா ஒண்ணு ரெண்டு வருஷத்துல வந்துடுது. அணு உலைக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?

பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ 3 உலை வேலை 2005-இல் தொடங்கியது, முறையான உற்பத்தி 2023 ஏப்ரலில். பிரான்ஸின் ஃபிளமான்வில் 3 உலை 2007-இல் தொடங்கி 2024 டிசம்பரில்தான் மின்தொகுப்பில் இணைந்தது. அமெரிக்காவின் வோக்டில் 3, 4 உலைகள் 2023, 2024-இல் முடிந்தபோது செலவு ஆரம்ப மதிப்பீட்டைப் போல இரு மடங்கைத் தாண்டியிருந்தது.

பாதுகாப்பு விதிகள் கடுமை என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், அந்த நாடுகள் பல காலம் உலை கட்டாமலே இருந்ததால் கை பழக்கம் விட்டுப் போனது. ஃபிளமான்வில்லில் நீராவிக் குழாய்களின் வெல்டிங் தரம் போதாது என்று தெரிந்து, எட்டுவதற்கே கடினமான இடங்களில் இருந்த இணைப்புகளைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. வரைபடம் முழுமையாக முடியாமலே வேலையைத் தொடங்கி, நடுவில் மாற்றியதும் நடந்தது. மறுபுறம், இதே பிரான்ஸ் 1974-இல் எடுத்த முடிவுக்குப் பிறகு சில வடிவமைப்புகளையே திரும்பத் திரும்பக் கட்டி, 15 ஆண்டுகளில் தன் உலைகளில் பெரும்பாலானவற்றைக் கட்டி முடித்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்கா நிலையத்தில் 2012-இல் தொடங்கிய வேலை, 2024-க்குள் நான்கு உலைகளாக முடிந்தது. கட்டியவர்கள் தம் நாட்டில் விடாமல் உலை கட்டிப் பழகிய கொரியர்கள்.

9. உலை வெடிச்சா அணுகுண்டு மாதிரி ஆகிடுமா?

ஆகாது. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 சுமார் 0.7% மட்டுமே. பெரும்பாலான உலைகளுக்கு அதை 3 முதல் 5% வரை செறிவூட்டுவார்கள். குண்டுக்குச் சுமார் 90% வேண்டும். உலை எரிபொருளால் அப்படி வெடிக்க இயலாது. உலையில் நடக்கக்கூடியது நீராவி வெடிப்பு, ஹைட்ரஜன் வெடிப்பு, எரிபொருள் உருகல். அவற்றால் கதிரியக்கப் பொருள் வெளியே கசிவது. ஆனால் செறிவூட்டும் எந்திரம் கையில் இருக்கும் நாடு 5%-உடன் நிற்காமல் மேலே போகலாம் என்பது உண்மையான கவலை. 1957-இல் தொடங்கிய சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் கணக்குப் பார்ப்பது இதற்காகத்தான். சோலாருக்கு இப்படி ஒரு காவலே தேவையில்லை.

10. அப்புறம் செர்னோபில், புகுஷிமால என்னதான் நடந்துச்சு?

இரண்டும் வேறு வேறு. இன்றைய உக்ரைனில் இருக்கும் செர்னோபில் உலையின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது: தண்ணீர் நீராவியாக மாற மாற உலையின் வேகம் குறைவதற்குப் பதில் கூடும். 1986 ஏப்ரல் 26 அதிகாலை, பாதுகாப்பு அமைப்புகளை அணைத்துவிட்டுச் செய்த ஒரு சோதனையில் அது கைமீறியது. மற்ற நாடுகளில் வழக்கமான தடித்த கான்கிரீட் கவசக் கட்டடமும் அங்கே இல்லை.

ஜப்பானின் புகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலம் அதிர்ந்ததும் உலைகள் முறைப்படி நின்றுவிட்டன. பிளவு நின்றாலும் வெப்பம் நிற்பதில்லை என்பதுதான் அணு உலையின் அடிப்படைச் சிக்கல். பிளந்த துண்டுகள் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் 6% அளவுக்கு இருக்கும். 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் அது கிட்டத்தட்ட 200 மெகாவாட். ஒரு மணி நேரத்தில் 1.5% ஆகக் குறையும், ஒரு நாளில் அரை சதவீதத்தை ஒட்டி வரும். அதுவரைக்கும், அதன் பிறகும், தண்ணீர் ஓடியே ஆக வேண்டும். பம்புகளை ஓட்ட வேண்டிய டீசல் ஜெனரேட்டர்கள் தாழ்வான இடத்தில் இருந்தன. சுமார் 14 மீட்டர் சுனாமி அவற்றை மூழ்கடித்தது. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஓனகாவா நிலையம் உயரமான இடத்தில் கட்டப்பட்டதால் தப்பியது. அதனால்தான் அந்த விபத்தை இயற்கையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது என்கிறேன்.

புது வடிவமைப்புகளில் மின்சாரமோ ஆளோ இல்லாமல் ஈர்ப்பு விசையாலேயே தண்ணீர் இறங்கிச் சில நாள் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு. 8-இல் சொன்ன வோக்டில் உலைகள் அந்த வகை.

11. அப்ப எதுல அதிகம் பேர் செத்திருக்காங்க?

கேட்கவே மனம் கனக்கிற கேள்வி. செர்னோபிலில் முதல் சில மாதங்களில் இறந்தவர்கள் சுமார் 30 பேர். கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடம் 2005 வரை 6000-க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. பெரும்பாலோர் சிகிச்சையில் பிழைத்தனர். அதிகம் பாதிக்கப்பட்டவர்களில் காலப்போக்கில் 4000 பேர் வரை இறக்கக்கூடும் என்று ஐ.நா. அமைப்புகள் 2005-இல் மதிப்பிட்டன. புகுஷிமாவில் கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு ஏற்றது ஒருவரை. ஆனால் அவசர அவசரமாக வெளியேற்றியதிலும் அதன் பின்விளைவிலும் 2000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் முதியவர்கள். கதிர்வீச்சைவிட அச்சம் அதிக உயிரைக் குடித்தது என்று அதை ஒதுக்கிவிட முடியாது. வெளியேற்றமும் விபத்தின் பகுதிதான்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் 100 கோடி யூனிட்டுக்கு அணுவில் சுமார் 0.03 உயிர், சோலாரில் சுமார் 0.02. நிலக்கரியில் 24-க்கும் மேல், பெரும்பாலும் புகையால். பாதுகாப்பில் இவை இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் தேடுவதில் பயனில்லை.

12. கழிவு? லட்சம் வருஷத்துக்கு யார் காவல் இருப்பாங்க?

முதலில் அளவைப் பார்ப்போம். 1000 மெகாவாட் உலை ஆண்டுக்கு 20 முதல் 25 டன் எரிந்த எரிபொருளை வெளியேற்றும். அதே மின்சாரத்துக்கு அனல்மின் நிலையம் சுமார் 30 லட்சம் டன் நிலக்கரி எரிக்கும். விரல் நுனி அளவு யுரேனிய வில்லை ஒன்று ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரிக்குச் சமம் என்பதால் கழிவும் சிறிது. சிறிதானாலும் கொடியது. உலையிலிருந்து எடுத்ததும் சில ஆண்டுகள் ஆழமான தண்ணீர்த் தொட்டியில் வைப்பார்கள். பிறகு எஃகும் கான்கிரீட்டுமான பெரிய உருளைகளுக்குள் அடைத்து நிலையத்திலேயே நிறுத்திவைப்பார்கள். உலகின் பெரும்பாலான கழிவு இன்றைக்கும் இந்த இரண்டு கட்டங்களில்தான் இருக்கிறது.

கதிர்வீச்சு ஒரே சீராக நீடிப்பதில்லை. பிளவில் உண்டாகும் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகியவற்றின் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 30 ஆண்டு. சில நூறு ஆண்டுகளில் அவை பெருமளவு தீர்ந்துவிடும். உலையிலேயே யுரேனியத்திலிருந்து உண்டாகும் புளூட்டோனியம்-239-க்கு 24,100 ஆண்டு. இதற்காகத்தான் பின்லாந்து ஒன்கலோ என்ற சுரங்கத்தை 400 மீட்டருக்கும் கீழே, 190 கோடி ஆண்டு பழைய பாறையில் குடைந்திருக்கிறது. எரிபொருளைச் செம்பு உறைக்குள் வைத்து, சுற்றிலும் தண்ணீர் பட்டால் உப்பும் களிமண்ணை அடைத்து, சுரங்கத்தையே மூடிவிடுவது திட்டம். யாரும் காவல் இருக்கத் தேவையில்லாத இடமாகத் தேர்ந்தெடுப்பதுதான் அதன் நோக்கம்.

இதற்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற யுரேனியச் சுரங்கத்துத் தாதுவில் யுரேனியம்-235 இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருப்பதை 1972-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன் அங்கே நிலத்தடி நீரின் உதவியால் அணுப்பிளவு தானாகவே நடந்து, நின்றுபோயிருந்தது. அப்போது உண்டான புளூட்டோனியமும் பல பிளவுப் பொருள்களும் இத்தனை காலத்தில் அங்கிருந்து அதிகம் நகரவில்லை. ஆகவே இது தொழில்நுட்பத்தால் தீர்க்கக்கூடியது என்றே நினைக்கிறேன். தீராதது மக்கள் சம்மதம். அமெரிக்கா 1987-இல் யக்கா மலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு எதிர்ப்பால் கிடப்பில் போட்டது. பின்லாந்தில் உள்ளூர் மன்றமே வாக்களித்து ஏற்றுக்கொண்டது.

13. சோலார் பேனலும் கடைசில குப்பைதானே?

ஆம். பேனல் 25, 30 ஆண்டு உழைக்கும். ஆண்டுக்கு அரை சதவீதம் போல் திறன் குறையும். 2050-க்குள் உலகில் மொத்தம் 7.8 கோடி டன் வரை பேனல் கழிவு சேரலாம் என்று சர்வதேச புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2016-இல் கணித்தது. எடையில் முக்கால் பங்கு கண்ணாடி. அலுமினியச் சட்டத்தைக் கழற்றுவது எளிது. கண்ணாடி, பிளாஸ்டிக், சிலிக்கான் ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பதைப் பிரிப்பதுதான் கடினம். ஈயம் கலந்த சால்டர் மண்ணில் கசியக் கூடாது. இது 12-இல் சொன்ன கழிவு போல ஆபத்தானதில்லை. ஆனால் மறுசுழற்சிக்கான பணத்தைப் பேனல் விற்கும்போதே வசூலித்துவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தயாரிப்பாளரே பொறுப்பு என்ற விதி இருக்கிறது.

14. பேனல் செய்யவே அது தர்றதைவிட அதிக மின்சாரம் ஆகுதாமே?

அது பழைய கதை. இன்றைய சிலிக்கான் பேனல், செய்யச் செலவான ஆற்றலை இடத்தைப் பொறுத்து ஒன்று, ஒன்றரை ஆண்டில் திருப்பிக் கொடுத்துவிடும். செய்வதில் தொடங்கிக் கழிப்பது வரை கணக்கிட்டு ஐ.நா. காலநிலைக் குழு 2014-இல் தந்த நடு மதிப்பு: யூனிட்டுக்கு அணு 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு, பெரிய சோலார் நிலையம் 48, நிலக்கரி 820. பேனல் தொழிற்சாலைகளின் திறன் அதற்குப் பிறகு இன்னும் கூடியிருக்கிறது.

15. சூரியன் தீராது, யுரேனியம் தீர்ந்துடுமே?

சூரியனுக்கு இன்னும் 500 கோடி ஆண்டு ஆயுள் இருக்கிறது. கண்டறியப்பட்ட யுரேனியம் இப்போதைய வேகத்தில் எரித்தால் நூறு ஆண்டுக்கு மேல் வரும். உலகம் அணுமின்சாரத்தைப் பல மடங்கு பெருக்கினால் அந்தக் காலம் அதே விகிதத்தில் சுருங்கும். விலை ஏறினால் புதுச் சுரங்கங்கள் வரும் என்பதும் உண்மை. கடல்நீரில் மொத்தம் 450 கோடி டன் யுரேனியம் கரைந்திருக்கிறது, ஆனால் ஒரு டன் தண்ணீருக்கு 3 மில்லிகிராம்தான். கட்டுப்படியாகும் விலையில் இன்னும் யாரும் எடுக்கவில்லை.

உண்மையான நீண்டகால வழி ஈனுலை. இயற்கை யுரேனியத்தின் பெரும்பங்கு யுரேனியம்-238; வழக்கமான உலை வீணாக்கும் அதைப் புளூட்டோனியமாக்கி எரிக்கும். கணக்குப்படி அதே யுரேனியத்திலிருந்து பல பத்து மடங்கு ஆற்றல். நடைமுறையில் அது கடினமாகவே இருந்திருக்கிறது. ரஷ்யாவின் பிஎன்-600 ஈனுலை 1980 முதல் ஓடுகிறது. ஜப்பானின் மோஞ்சு 1995-இல் சோடியம் கசிந்து தீப்பிடித்து, அதன் பின் சரியாக ஓடாமலே மூடப்பட்டது. பிரான்ஸ் சூப்பர்ஃபீனிக்ஸை 1990-களின் இறுதியில் கைவிட்டது. ஈனுலையும், உலையில் எரிபொருளாக மாற்றக்கூடிய இன்னொரு தனிமமான தோரியமும் தொழிலாகக் கைகூடினால் அணு ஆயிரக்கணக்கான ஆண்டுக்கான எரிபொருள். இல்லையென்றால் அது ஒரு நூற்றாண்டை ஒட்டிய எரிபொருள்.

16. சோலாருக்கு இடம் ரொம்ப வேணுமே?

வேணும். 2-ஆம் கணக்கின்படி ஓர் உலைக்கு ஈடாக 4500 மெகாவாட் சோலார் என்றால், மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வீதம் சுமார் 20,000 ஏக்கர், அதாவது சுமார் 80 சதுர கிலோமீட்டர். உலைக்குச் சில சதுர கிலோமீட்டர். ஆனால் கூரை, வாகன நிறுத்துமிடம், நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பு எல்லாம் சோலாருக்கு இடம்தான், உலைக்கு அந்த வசதி இல்லை. மேய்ச்சல் நிலத்தையும் விளைநிலத்தையும் தரிசு என்று பெயரிட்டு எடுத்துக்கொள்வதை நான் எதிர்க்கிறேன்.

17. வெளிநாட்டை நம்பி இருக்கணும், போர் வந்தா என்ன ஆகும்?

இரண்டிலும் சார்பு உண்டு. பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் 80%-க்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. உலக யுரேனியத்தில் சுமார் 40% கஜகஸ்தானிலிருந்து வருகிறது. செறிவூட்டலில் பெரும்பங்கு ரஷ்யாவிடம். வித்தியாசம் இதுதான்: பேனல் வருவது நின்றால் இருக்கும் பேனல் ஓடிக்கொண்டே இருக்கும். யுரேனியத்தைச் சில ஆண்டுக்குச் சேமித்து வைக்கலாம், இடம் அடைக்காது. இரண்டுமே எண்ணெய், எரிவாயுவைவிடப் பரவாயில்லை.

போர் என்றால் சோலார்தான் பாதுகாப்பு. உக்ரைனின் சப்போரிஷியா நிலையத்தை ரஷ்யா 2022 மார்ச்சில் கைப்பற்றியது. உலைகளை நிறுத்திய பிறகும் குளிர்விக்க வெளி மின்சாரம் வேண்டும் (10-ஐப் பாருங்கள்). அந்த மின்பாதைகள் பலமுறை அறுந்து, டீசல் ஜெனரேட்டரை நம்பி இருக்க நேர்ந்தது.

18. ஜெர்மனி மூடிடுச்சு, பிரான்ஸ் ஓட்டுது. யார் பண்ணது சரி?

ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று உலைகளை நிறுத்தியது. நிலக்கரியைக் கைவிட வைத்த இறுதிக் கெடு 2038. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த உலைகளை முதலிலும் நிலக்கரியைப் பிறகும் மூடியது வரிசைத் தவறு என்பது என் உறுதியான கருத்து. 11-ஆம் பதிலில் உள்ள எண்களைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். அதே ஜெர்மனி 2000-களில் சோலாருக்கு உறுதியான விலை கொடுத்து வாங்கியதால்தான் பேனல் தொழில் வளர்ந்து உலகத்துக்கே விலை இறங்கியது. அந்த நன்மையை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம்.

19. சின்ன உலை, இணைவு உலை எல்லாம் வரப்போகுதே. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். சிறிய உலைகளைத் தொழிற்சாலையில் செய்து இறக்கினால் 8-இல் சொன்ன தாமதம் குறையும் என்பது எண்ணம். ரஷ்யாவின் மிதக்கும் நிலையமும் சீனாவின் வாயுக் குளிர்விப்பு உலையும் ஓடுகின்றன. ஆனால் அமெரிக்காவில் முன்னணியில் இருந்த நியூஸ்கேல் திட்டம் விலை ஏறியதால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. நூற்றுக்கணக்கில் செய்தால்தான் மலிவு என்ற நிலையில், முதல் சிலவற்றை யார் வாங்குவது என்பதுதான் முடிச்சு.

இணைவில், அதாவது அணுக்களைப் பிளக்காமல் ஒன்றாகச் சேர்த்து ஆற்றல் எடுக்கும் முறையில், 2022 டிசம்பரில் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றது. பெரிய சாதனை. அந்த லேசர்களை இயக்க மின்தொகுப்பிலிருந்து எடுத்ததோ சுமார் 300 மெகாஜூல்.

20. சரி, ரெண்டையும் கலந்து வெச்சா ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்தானே?

தானாக இருக்காது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உலையின் செலவு பெரும்பாலும் நிலையானது (7-ஐப் பாருங்கள்), ஓடினாலும் நின்றாலும் வட்டி கட்ட வேண்டும். மதியம் சோலார் பொங்கும்போது உலையைக் குறைத்தால் மிச்சப்படும் எரிபொருள் அற்பம், இழக்கும் வருமானம் அதிகம். பிரான்ஸின் உலைகள் தேவைக்கேற்ப ஏறி இறங்கப் பழகியவை, ஆகவே தொழில்நுட்பத்தால் முடியும். பணக் கணக்குதான் இடிக்கும். சோலார் மிக அதிகமாகிவிட்ட மின்தொகுப்பில் புது உலைக்கு முதலீடு கிடைப்பது கடினமாவது இதனால்தான்.

அதனால் என் வரிசை இப்படி. சோலாரையும் மாலைக்கான பேட்டரியையும் இப்போதே, முடிந்த வேகத்தில் நிறுவ வேண்டும். அவை ஒன்றிரண்டு ஆண்டில் பலன் தரும். பாதுகாப்பாக ஓடும் உலைகளை மூடக் கூடாது. குளிர்காலம் நீண்ட நாடுகளும், வெயிலும் காற்றும் இடமும் குறைந்த நாடுகளும், இரவு பகலாக ஓடும் கனரகத் தொழில் உள்ள நாடுகளும் புது உலை கட்டலாம். ஆனால் ஒன்றே ஒன்று கட்டிவிட்டு நிறுத்துவது பண விரயம். ஒரே வடிவமைப்பில் தொடர்ந்து நாலைந்து கட்டும் துணிவும் பணமும் இருந்தால்தான் இறங்க வேண்டும்.

இரண்டையும் இணைக்கப் பாலம் வேண்டும், அது பெரும்பாலும் சேமிப்புதான். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கெம்மரர் என்ற நிலக்கரி ஊருக்கு அருகே 2024-இல் வேலை தொடங்கிய நேட்ரியம் திட்டம் இதை முயல்கிறது. 345 மெகாவாட் உலை ஒரே சீராக ஓடும். மின்சாரம் வேண்டாத மதியத்தில் அதன் வெப்பம் உருகிய உப்புத் தொட்டிகளில் சேரும். மாலையில் அந்த உப்பின் வெப்பமும் சேர்ந்து சுமார் 500 மெகாவாட் வரை சில மணி நேரம் தரும்.